ஊர்த் துணுக்கு: பிடிப்பது, சோதிப்பது, பகிர்வது

‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் செய்திகளுக்குக் காவிரிப் படுகையில் பஞ்சமே கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது. திருநள்ளாற்றுக்கு நேர்மேலே வரும் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடும். கல்லணையில் இன்று பார்ப்பதெல்லாம் கரிகாலன் கட்டியது. இவற்றைக் கண்டதும் எரிச்சலோடு தள்ளிவிட வேண்டாம். சோதித்துப் பார்த்தால், சுற்றுகிற கதையைவிடச் சுவையான உண்மை பெரும்பாலும் அதன் அடியிலேயே கிடக்கும். அதை எடுத்து, படிப்பவர் தானே போய்ச் சரிபார்க்க வழியோடு கொடுப்பதுதான் துணுக்கு எழுதுகிறவரின் வேலை.

கையில் இருக்க வேண்டியவை

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு, பென்சில், 5 மீட்டர் டேப், ஒரு பத்து ரூபாய் நாணயம், கைபேசி. இவ்வளவு போதும். பென்சில் ஏன் என்றால் ஐப்பசி மழையில் பேனா எழுத்து ஊறிப் பரவிவிடும். நாணயம் படத்தில் அளவு காட்ட: பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். கல்லின் மேல் வைக்காமல் அதன் பக்கத்தில், அதே தளத்தில் வையுங்கள். நாணயம் கொஞ்சம் முன்னே வந்துவிட்டாலும் அளவு ஏமாற்றும்.

ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று படம்: சுற்றுப்புறத்தோடு தூரத்தில் ஒன்று, முழுப்பொருளும் தெரிய ஒன்று, நாணயத்தோடு நெருக்கத்தில் ஒன்று. தூரப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ‘இந்தக் கல் எந்தத் தெருவில் இருந்தது?’ என்று விழிப்பதும் அதனால்தான்.

கல்வெட்டையும் பழைய பாலங்களின் பெயர்ப்பலகையையும் உச்சிவெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலை ஏழு எட்டு மணியிலோ, சாயங்காலம் வெயில் சாயும்போதோ, ஒளி பக்கவாட்டில் வருகையில் எடுங்கள். நிழலான இடமென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழுந்து நிற்கும். நேர் ஃப்ளாஷ் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். எழுத்து தெரியட்டும் என்று மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. கல்லுக்குக் கெடுதல், அடுத்து வந்து படிக்கிறவருக்கும் கெடுதல்.

இன்னொன்று. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் முதலிய உள்விவரங்களும் போய்விடும். நண்பர் எடுத்த படம் வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசல் அப்படியே வரும்.

அளக்க முடிந்ததை அளந்துவிடுங்கள்

பெரிய கோயில் நிழலையே எடுத்துக்கொள்வோம். சோதனைக்கு வேண்டியது 100 சென்டிமீட்டர் குச்சி, நூலில் கட்டிய கல், சமதரை. நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலை அளக்க வேண்டும். குச்சி நிழல் 68 சென்டிமீட்டர் என்றால், அந்த நேரத்தில் எந்த உயரத்தின் நிழலும் அதன் 0.68 மடங்கு.

தஞ்சாவூர் 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் உச்சிக்கு வரும் சுமார் 12.12 மணிக்குக் குச்சி நிழல் ஏறக்குறைய அந்த 68 சென்டிமீட்டர்தான், வடக்கு நோக்கி விழும். விமான உயரத்தைச் சுமார் 63 மீட்டர் என்பாரும் உண்டு, 66 என்பாரும் உண்டு. குறைந்ததையே எடுத்தாலும் உச்சியின் நிழல் நடுவிலிருந்து 43 மீட்டர் போகும். அடித்தளத்தின் ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 15. ஆக, நிழல் வடபுறத் தரையில் தாராளமாக விழுந்து கிடக்கிறது. காலையிலும் மாலையிலும் எந்த மாதத்திலும் நீண்டு கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இதே கணக்கை ஜூன் 21-க்குப் போடுங்கள். அன்று சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 12.7 பாகைதான் விலகுகிறது. குச்சி நிழல் 22 சென்டிமீட்டர்; விமான உச்சியின் நிழல் 14 மீட்டர் சொச்சம். அதாவது அடித்தள விளிம்பைத் தாண்டவில்லை. ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் உச்சியின் நிழல் கட்டடத்தின் மேலேயே அடங்கிவிடுகிறது. அந்த நேரத்திலும் கீழ்ச்சுவரின் நிழல் தரையில் விழத்தான் செய்யும். அதுவும் அநேகமாக இல்லாமல் போகும் நாள்கள் ஆண்டில் இரண்டு உண்டு: ஏப்ரல் 18-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் தலைக்கு மேல் வரும். கடிகாரம் 12.13 முதல் 12.16-க்குள் காட்டும்போது குச்சி நிழல் காணாமல் போகும்.

இதில் வழக்கமாகப் பிசகும் இடம் கடிகாரம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்தை வைத்தது. தஞ்சாவூர் அதற்கு மூன்றேகால் பாகைக்கு மேல் மேற்கே இருப்பதால் உண்மையான உச்சிவேளை சுமார் 13 நிமிடம் பின்தங்கும். சரியாக 12 மணிக்கு அளந்துவிட்டு ‘கணக்கு ஒத்துவரவில்லை’ என்று எழுதுவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எடைக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. விமான உச்சிக் கல் 80 டன் என்று படித்தால், அது எவ்வளவு பெரிய கல் என்று பாருங்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். 80 டன் என்பது 30 கன மீட்டர், பக்கத்துக்கு 3.1 மீட்டர் கொண்ட ஒரு கனசதுரம். இதனால் செய்தி உண்மையாகிவிடாது, பொய்யாகியும் விடாது. ஆனால் படிப்பவர் கண்முன்னே ஒரு உருவம் நிற்கும்.

திருநள்ளாற்றுச் செயற்கைக்கோளுக்கு வெளியே போகவே வேண்டாம். தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிறது. மூன்று விநாடியில் 22 கிலோமீட்டர். திருநள்ளாற்றில் இருந்தது நாகப்பட்டினத்தையே தாண்டியிருக்கும். அந்த வேகம்தான் அதைச் சுற்றுப்பாதையில் வைத்திருக்கிறது, நின்றால் விழவேண்டியதுதான். ‘நாசாவே வியந்தது’ என்று இருந்து, ஆள் பெயர், தேதி, அறிக்கை எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சனீசுவரன் கோயிலைப் பற்றி எழுத அது இல்லாமலே எவ்வளவோ இருக்கிறது.

ஆற்றுக் கணக்கு

படுகைக்காரர்கள் தினம் படிப்பது மேட்டூர் அணையின் நீர் நிலவரம். அதை அப்படியே பகிர்வதில் பயனில்லை. மாற்றிக் கொடுத்தால் துணுக்காகும். 1 டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. ஆக, 10,000 கன அடி திறப்பு என்றால் நாளொன்றுக்கு 0.86 டிஎம்சி போகிறது. 1 டிஎம்சி தண்ணீரை ஓரடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 22,950 ஏக்கர் நனையும். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு மட்டம் 120 அடி. இதில் ஒரு பொறி இருக்கிறது: 60 அடி என்றால் பாதி அணை என்று நினைத்துவிடுவார்கள். அணை மேலே போகப் போக விரிவதால் 60 அடியில் இருப்பது பாதியைவிட வெகு குறைவு.

நில அளவுக்கும் எச்சரிக்கை வேண்டும். இன்றைய தஞ்சை வழக்கில் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்பது 33 சென்ட், வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். இந்த அளவைச் சோழர் கல்வெட்டில் வரும் வேலிக்குப் போட்டு ஏக்கராக மாற்றாதீர்கள். அன்று அளந்த கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. எந்தக் கோல் என்று கல்வெட்டே சொன்னாலொழிய ‘இத்தனை வேலி’ என்றே விட்டுவிடுவது நேர்மை.

கல்லணையில் எழுதும்போது பழைய அணைக்கும் மேலே நிற்கும் மதகு, பாலங்களுக்கும் காலம் வேறு என்பதைப் பிரித்துச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நான்கும் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்த்து, எது எந்தப் பக்கம் என்று கைப்படம் வரைந்து போடுங்கள். அது பல ஒளிப்படங்களைவிட உதவும்.

காசில்லாமல் கிடைக்கும் இன்னொரு சேகரிப்பு: ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகை. ஊர்ப்பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். திருச்சியில் ஏறி நாகப்பட்டினம் போகும்வரை ஒவ்வொரு நிலையத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு, நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் எழுதினால், படுகை எவ்வளவு தட்டை என்பது ஒரு தாளில் தெரியும். வயலில் தண்ணீர் வடியாமல் நிற்பதற்கும் அதில் ஒரு காரணம் கிடைக்கும்.

இணையத்தில் கிடைத்ததை எப்படி நம்புவது

படம் வந்தால் முதலில் கூகுள் லென்ஸ். முழுப்படத்தைப் போடாமல், எழுத்து, ‘காலை வணக்கம்’ பட்டை எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தேடுங்கள். படத்தை வைத்தே தேடும் டின்ஐ தளத்தில் மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ‘நேற்று கொள்ளிடத்தில் பிடித்த முதலை’ எட்டு வருடத்துக்கு முன்பே வேறொரு நாட்டில் வந்திருப்பது அப்போது தெரியும். எதுவும் சிக்கவில்லை என்றால் படம் உண்மை என்று பொருளல்ல. கடைப்பலகை மொழி, வண்டி எண்ணில் TN-க்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் பார்க்கலாம்: 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை.

பழைய சேதிக்கு அச்சு மூலம் தேடுங்கள். பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் உள்ளன. கோயிலில் ஆடல் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் பெயர் பெயராக, வீட்டு வரிசையோடு அங்கே இருக்கிறார்கள். நெல் அளந்த மரக்காலுக்கே ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர். ஒரு தொகுதியில் ஒரு வருடத்துக்கான துணுக்கு கிடைக்கும். 1906-இல் ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியரும் (அரசின் மாவட்ட விவர நூல்), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அடுத்த நிலை. 1808-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் தன் அரை டன் எடைத் தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்தது, அவரே உட்கார்ந்து அதைச் சீராக்கினார் என்பது போன்ற சங்கதிகள் நில அளவை வரலாற்றில் கிடைக்கும். நிழல் கதையைவிட இது எனக்கு உயர்ந்த துணுக்காகப் படுகிறது.

பார்த்த பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியையும் நோட்டில் ஒட்டுங்கள். அரசுத் தளங்களில் பக்கம் இடம் மாறுவது சகஜம்.

எழுதும்போது

120 முதல் 150 சொல். ஒரு துணுக்கில் ஒரே விஷயம். பொருளிலேயே தொடங்குங்கள், ‘நம் முன்னோர் மாபெரும்...’ என்று தொடங்கினால் பொருள் வருவதற்குள் விரல் தள்ளிவிடும். எங்கே, எப்போது பார்த்தது, எதை வைத்து அளந்தது என்பது இரண்டாம் வரியிலேயே இருக்கட்டும். தலபுராணம் என்றால் ‘தலபுராணம் சொல்வது’ என்று ஒரு சொல் போதும்; அதைக் கேலி செய்வதும் வேண்டாம், வரலாறாக விற்பதும் வேண்டாம். ஊர்ப்பெயர்க் காரணத்தை மட்டும் கல்வெட்டுப் பெயர் கையில் கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள். பெரும்பாலானவை பின்னால் ஒட்டவைத்தவை.

பிறர் எடுத்த படத்துக்கு அனுமதி கேளுங்கள். இந்தியச் சட்டப்படி வெளியான ஒளிப்படத்துக்கு வெளிவந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ‘கூகுளில் கிடைத்தது’ என்பது உரிமையாளர் பெயரல்ல.

பகிரக் கூடாதவையும் உண்டு. பூட்டில்லாத சிறு கோயிலின் செப்புத்திருமேனி, வயலோரம் தனியாக நிற்கும் சிலை ஆகியவற்றின் இடத்தைப் போடாதீர்கள். படத்தின் உள்விவரத்தில் இருக்கும் இடக்குறியையும் நீக்குங்கள். திருவாரூர் பக்கத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிவந்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போய், வழக்கு நடந்து 1991-இல்தான் திரும்பினார். குழி தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லிவிட்டு, பிறகு எழுதலாம். பறவை கூடு கட்டியிருக்கும் மரத்தின் இடத்தையும் போடாதீர்கள்.

யாராவது தவறைக் காட்டினால் பழைய வரியை அழிக்காமல் கீழே தேதியோடு திருத்தம் போடுங்கள். முதல் பதிப்பை முன்பே நூறு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள். சத்தமில்லாமல் மாற்றினால் திருத்தம் அவர்களைச் சேராது. அனுப்பிய அதே குழுவில் ‘திருத்தம்’ என்ற தலைப்போடு, பழைய படத்தையும் சேர்த்து, மறுபடி அனுப்ப வேண்டும்.