கானா கிராமத்துக்கு போர்வெல் போடக் கிளம்புறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் லண்டன்லேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணா, நாங்க அஞ்சாறு பேர் சேந்து ஒரு சேரிட்டி ஆரம்பிச்சிருக்கோம், கூட வேலை பாக்குற ஒருத்தரோட சொந்த ஊரு, வடக்கு கானால தமலே பக்கம், முதல் வேலையா ஒரு போர் போட்டுக் குடுக்கப் போறோம், பாதி காசு வந்தாச்சு"ன்னான். நல்லது தம்பி, உள்ள என்ன பைப் இறக்கப் போறாங்கன்னு கேட்டேன். "பைப்பா? அதெல்லாம் கான்ட்ராக்டர் பாத்துக்குவார்ணா."

அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. அவன் மேல இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி எங்க குழு சொன்ன அதே பதில் அது, அதுக்கப்புறம் நான் பாத்த ஒவ்வொரு புது குழுவும் அதையேதான் சொல்லுது. அதனால இதை எழுதுறேன். கணக்கு எழுதி வைங்க, ரசீது வாங்குங்க, டிரஸ்டி மீட்டிங்குக்கு மினிட்ஸ் போடுங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது பதிவு பண்ணும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விஷயம் தெரிஞ்சவங்களே சறுக்குற இடங்கள் மட்டும்.

பழைய துணி அனுப்புறது

வேணாம். தலைநகர் அக்ரால கண்டமான்டோ சந்தைய ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு வாங்க, ஐரோப்பா கழிச்சுப்போட்ட துணி மலையா குவிஞ்சு கிடக்கு.

ஒரே ஆள நம்பி எல்லாத்தையும் விடுறது

எல்லா சின்ன சேரிட்டிக்கும் ஊர்ல "நம்ம ஆளு" ஒருத்தர் இருப்பார். இங்கிலீஷ் நல்லா பேசுவார், வாட்ஸ்அப்ல உடனே பதில் போடுவார், ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவார். பெரும்பாலும் நேர்மையான ஆளாத்தான் இருப்பார், பிரச்சனை அது இல்ல. ஊர்ல என்ன நடக்குதுங்கறது அவர் வாய் வழியா மட்டும்தான் உங்களுக்கு வரும், ஊர்க்காரங்களுக்கும் நீங்க அவரோட சொத்து மாதிரி தெரிவீங்க. அவருக்குப் பிடிக்காத தெருவுக்கு உங்க உதவி போய்ச் சேராது, அது உங்களுக்குத் தெரியவும் செய்யாது.

முதல்ல ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போங்க. தமலே பக்கம் தக்பாம்பா மக்கள் ஊர்கள்ல தலைவரப் பாக்கப் போறப்ப கோலா கொட்டை கொண்டு போறது வழக்கம். அவர் சிம்மாசனத்துல இருக்க மாட்டார், விலங்குத் தோல் மேல உக்காந்திருப்பார், அந்தத் தோல்தான் அங்க பதவி. அப்புறம் அசெம்பிளிமேன்னு சொல்ற மாவட்ட சபை உறுப்பினர், அப்புறம் பெண்கள் குழுத் தலைவி. கடைசி ஆள விட்டுட்டீங்கன்னா தண்ணி சம்பந்தமா நீங்க கேட்ட எதுவும் கணக்குல வராது, ஏன்னா தண்ணி தூக்குறது ஆம்பளைங்க இல்ல.

தண்ணி வந்தாச்சுன்னு கைதட்டிட்டு வந்துடுறது

இதுதான் பெரிய தப்பு, காசும் அதிகமா போற தப்பு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

போர் போடுற நாள் ஊருக்கே திருவிழா. ரிக் வரும், புழுதி பறக்கும், திடீர்னு தண்ணி பீச்சி அடிக்கும், பிள்ளைங்க அதுல குளிக்கும், நீங்க வீடியோ எடுப்பீங்க, அந்த வீடியோவ வச்சு அடுத்த வருஷக் காசும் வந்துரும். அன்னைக்கு எதுவுமே தப்பாத் தெரியாது, அதான் இதுல கொடுமையே.

முதல் விஷயம் நிலம். கானா நாட்டுல ஏறத்தாழ அஞ்சுல ரெண்டு பங்கு, நடுவுலயும் வடக்குலயும், வோல்டேயன்ங்கற படிவுப் பாறை. அதுல போர் போட்டா தண்ணி கிடைக்காம போற இடங்கள் ரொம்ப ஜாஸ்தி. அதனால நிலத்தடி நீர் தெரிஞ்ச ஒருத்தர வச்சு மின்தடை சர்வே (நிலத்துக்குள்ள கரண்ட் விட்டு தண்ணி இருக்கற இடத்தத் தேடுற சோதனை) எடுத்துட்டுத்தான் இடம் குறிக்கணும், ஸ்கூல் வாசல்ல போட்டா போட்டோ நல்லா வரும்னு குறிக்கக் கூடாது. "தண்ணி வரலேன்னா காசு வேணாம்"னு ஒரு கான்ட்ராக்டர் சொன்னா சந்தோஷப்படாதீங்க, அவர் கொஞ்சூண்டு ஊறுனாலும் அதைத் தண்ணின்னு கணக்கு காட்டத்தான் பாப்பார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் போட்டு, கான்ட்ராக்டருக்கு சம்பந்தமில்லாத ஒரு மேற்பார்வையாளர நீங்களே காசு குடுத்து நிறுத்துங்க. அந்த சம்பளம் வீண் செலவுன்னு டிரஸ்டி ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், கண்டுக்காதீங்க.

ரெண்டாவது, மாசம். செப்டம்பர்ல போட்டா வத்தப் போற போருலயும் தண்ணி இருக்கும், மழை அப்பத்தான் பெஞ்சு முடிஞ்சிட்டிருக்கும். ஏப்ரல்ல வத்துதா இல்லையாங்கறதுதான் கேள்வி. முடிஞ்சா கோடைக் கடைசில போடுங்க, முடியலேன்னா பல மணி நேரம் விடாம இறைச்சு மட்டம் எவ்ளோ இறங்குது, எவ்ளோ நேரத்துல திரும்புதுன்னு எழுதி வாங்குங்க.

மூணாவதா பைப்புக்கு வர்றேன். என் எரிச்சலே இங்கதான்.

அங்க ஊர் ஊருக்கு நிக்கிற அடிபம்புல ஏகப்பட்டது இந்தியா மார்க் 2. நம்மூர் பம்பு. 1970கள்ல யுனிசெஃப்பும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் கம்பெனியும் சேந்து உருவாக்கி, கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்கள்ல மாட்டிப் பாத்துட்டு உலகம் பூரா அனுப்புன பம்பு. முதல் தடவ கானால அதப் பாத்தப்ப எனக்கு பெருமை தாங்கல, நம்ம தெருமுனைல நின்ன அதே கைப்பிடி, அதே கடகட சத்தம். மேல இருக்கற தலை நல்ல தலைதான். கோளாறு பூமிக்குள்ள இருக்கு. ஒரிஜினல் டிசைன்ல தண்ணி ஏறி வர்ற பைப் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு. மேற்கு ஆப்பிரிக்கால நிறைய இடத்துல நிலத்தடி நீர் புளிப்பு, பிஎச் 6.5க்குக் கீழ. அந்தத் தண்ணில துத்தநாகப் பூச்சு நிக்காது, அது போனதும் இரும்பு கரைய ஆரம்பிக்கும். இது புதுசாக் கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்ல, ஐநா வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேந்து 1980கள்லயே மேற்கு ஆப்பிரிக்கால ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சாச்சு. கானால இதுக்காகவே ஸ்டெயின்லெஸ் பைப் போட்ட மாத்து மாடல் இந்தியா மார்க் 2ன்னு தனியா ஒண்ணு இருக்கு. உகாண்டால 2016ல அரசாங்கமே அடிபம்புக்கு ஜிஐ பைப் போடாதேன்னு உத்தரவு போட்டுச்சு. இவ்ளோ தெரிஞ்சும் இன்னைக்கும் ஒரு சேரிட்டி கொட்டேஷன் வாங்குனா அதுல ஜிஐதான் இருக்கும், ஏன்னா விலை கம்மி, ஏன்னா கேக்க ஆள் இல்ல.

ஒரு ஊர்ல ரிப்பேர் ஆளுங்க பைப்ப வெளிய இழுக்கறப்ப பக்கத்துல நின்னேன். மூணு மூணு மீட்டர் துண்டா கழட்டிக் கழட்டி தரைல அடுக்குறாங்க. மேல ரெண்டு துண்டு பரவால்ல. கீழ போகப் போக, மரை போட்ட இடமெல்லாம் நனைஞ்ச அப்பளம் மாதிரி இருக்கு, ஒருத்தர் கட்டைவிரல வச்சு அழுத்துனார், விரல் உள்ள போயிடுச்சு. போட்டு ரொம்ப வருஷம்லாம் ஆகல. கடைசித் துண்டும் அடில தண்ணி இழுக்கற பம்பு சிலிண்டரும் வரவே இல்ல, அத்துக்கிட்டு போருக்குள்ளயே கிடக்கு. அந்தக் கிணத்துக்கு பல ஆயிரம் பவுண்ட் ஆகியிருக்கும், பைப்புல மிச்சம் பிடிச்சது அதுல சின்ன பங்கு.

ஆனா பம்பு உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே ஜனங்க அத விட்டுட்டாங்க, அதையும் சொல்லணும். பம்ப பாத்துக்குற அக்கா ஒரு வெள்ளைத் துணிய எடுத்துட்டு வந்து காட்டுனாங்க, பூராவும் செங்காவிக் கறை. காலைல முதல் குடம் ரத்தம் மாதிரி வரும், சோறு நிறம் மாறுது, வாய்ல துரு வாடை, குடிக்க முடியலன்னு சொன்னாங்க. அதனால மறுபடியும் குட்டைத் தண்ணிக்குப் போயிட்டாங்க. அந்தக் குட்டைங்கள்லேர்ந்துதான் ஒரு காலத்துல நரம்புச்சிலந்திங்கற புழு நோய் பரவுச்சு. கானா அத 2010ல நிறுத்தி, 2015ல உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட சான்று வாங்குறதுக்கு எவ்ளோ பாடுபட்டுச்சு. நாம போட்ட கிணறு ஜனங்கள மறுபடி குட்டைக்கே அனுப்புதுன்னா என்ன அர்த்தம்.

இதக் கண்டுபிடிக்க பெரிய லேப் எதுவும் வேணாம். விடியக்காலைல யாரும் அடிக்கறதுக்கு முன்னாடி போய் முதல் பக்கெட்ட தனியா பிடிங்க, அப்புறம் தொடர்ந்து அடிச்சுக்கிட்டே இருங்க. முதல்ல சிவப்பா வந்து போகப் போகத் தெளிஞ்சா ராத்திரி பூரா பைப்புல ஊறுன துரு. எவ்ளோ அடிச்சாலும் சிவப்பாவே வந்தா நிலத்துலயே இரும்பு இருக்கு, அதுக்கு வைத்தியம் வேற. பிஎச்ச கிணத்தடிலயே மீட்டர் வச்சு அளக்கணும். பாட்டில்ல பிடிச்சு டவுனுக்கு அனுப்புனா தண்ணில கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நம்பர் ஏறிடும், ரிப்போர்ட் நல்லாருக்குன்னு நினைச்சு ஏமாந்துடுவீங்க. ஃப்ளோரைடு லேப்ல பாக்கலாம், அதையும் விடாதீங்க, கானாவோட வடகிழக்கு மூலைல இருக்கற அப்பர் ஈஸ்ட் பகுதில போங்கோ மாவட்டத்துல பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கோடு இருக்கும், தர்மபுரிக்காரங்களுக்கு சொல்லவே வேணாம்.

ஆக கொட்டேஷன்ல எழுதி வாங்க வேண்டியது இதுதான்: ஸ்டெயின்லெஸ் பைப்பும் அதுக்குள்ள ஏறி இறங்குற ராடும், எந்த கிரேடுன்னு சேத்து. ஸ்டெயின்லெஸ்னு சொல்லி மட்டமானத தலைல கட்டுறதும் நடக்குது. ரொம்ப ஆழம் இல்லேன்னா பிவிசி பைப் போட்ட ஆஃப்ரிடெவ் பம்பும் ஓகே. எது போட்டாலும் அந்த மாவட்டத்துல எந்த பம்போட சாமான் கடைல கிடைக்குதுன்னு சமூகக் குடிநீர் ஏஜென்சி ஆபீஸ்ல விசாரிச்சுட்டுப் போடுங்க. ஊருக்கே புதுசா ஒரு மாடல் போட்டு ஒரு வாஷருக்காக லண்டனுக்கு மெசேஜ் வர்ற நிலைமைய உண்டாக்காதீங்க.

அப்புறம் ஊர்ல தண்ணிக் கமிட்டி. பொருளாளர் ஒரு பெண்ணா இருந்தா நல்லது, வங்கிக் கணக்கோ மொபைல் மணியோ தனியா இருக்கணும், குடத்துக்கு இவ்ளோன்னு வாங்கறதா, அறுவடை முடிஞ்சதும் வீட்டுக்கு இவ்ளோன்னு வாங்கறதான்னு அவங்களே முடிவு பண்ணட்டும். "பாவம் ஏழைங்க, காசு கேக்க வேணாம்"னு நீங்க உருகாதீங்க, பம்பு ரிப்பேருக்கு காசு இல்லேன்னா தண்ணிக்கு நடக்கப் போறது அவங்கதான். ஆப்பிரிக்கால சஹாராவுக்குத் தெற்க எந்த நேரத்துலயும் மூணுல ஒரு அடிபம்பு வேலை செய்யலன்னு 2009லயே ஒரு மதிப்பீடு வந்துச்சு. உங்க ஊரைச் சுத்தி எண்ணிப் பாருங்க, செத்த பம்பு கண்டிப்பா இருக்கும், அதுல பளபளன்னு நன்கொடையாளர் பேர் போட்ட கல்வெட்டும் இருக்கும். புதுசு ஒண்ணு போடுற காசுல அதுல எத்தனைய எழுப்பலாம்னு முதல்ல விலை கேளுங்க.

நன்கொடை கேக்குற அப்பீல்ல "புதுக் கிணறு"ன்னு மட்டும் எழுதுறது

மேல சொன்னதோட ஒட்டுனதுதான். ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு கேட்டு வாங்குன காச பிரிட்டன் சட்டப்படி அதுக்குத்தான் செலவு பண்ணணும், நீங்களா மாத்த முடியாது. புதுக் கிணறுன்னு போஸ்டர் அடிச்சீங்கன்னா பக்கத்துத் தெரு பழைய பம்புக்கு பைப் மாத்த அந்தக் காசத் தொட முடியாது, இது நம்ம குழுக்கள் நிறையப் பேருக்கு நிலைமை முத்துன பிறகுதான் தெரியுது. "இந்த ஊரோட குடிநீருக்கு"ன்னு எழுதுங்க, மிஞ்சுனா பொதுச் செலவுக்குப் போகும்னு ஒரு வரி சேருங்க. ரிப்பேருக்கு யாரும் காசு தர மாட்டாங்கன்னு சொல்றாங்க, அந்த விரல் உள்ள போன பைப் போட்டோவக் காட்டுங்க, தர்றாங்க.

ஆபீஸ்ல கேக்காம ஸ்கூல் கட்டுறது

வாத்தியார அனுப்பறது கானா கல்வித்துறை. மாவட்ட ஆபீஸ் கணக்குல இல்லாத கட்டடத்துக்கு வாத்தியார் வரமாட்டார். வந்தாலும் தங்க வீடு இல்லேன்னா டவுனுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவார். வகுப்பறைக்கு முன்னாடி வாத்தியாருக்கு ரெண்டு ரூம் கட்டுங்க. கிராம ஆரோக்கிய நிலையத்துல நர்ஸ் விஷயமும் இதேதான்.

மருந்து

இங்கேர்ந்து தூக்கிட்டுப் போகாதீங்க. போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷமாவது காலாவதி மிச்சம் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் இருக்கு, உங்க வீட்டு அலமாரில மிஞ்சுன மாத்திரை அதுல சேராது.

பவுண்ட்ல பட்ஜெட் போட்டு நிம்மதியா இருக்கறது

2022 டிசம்பர்ல கானால விலைவாசி ஒரு வருஷத்துல 54 சதவீதம் ஏறியிருந்துச்சு. கானா நாணயமான சீடி விழுந்ததால நமக்கு லாபம்னு இங்க ஒருத்தர் சொன்னார். சிமெண்ட்டு, டீசல், வெளிநாட்டுலேர்ந்து வர்ற பைப்பு எல்லாம் அதே வேகத்துல ஏறுச்சு, ஆனா அந்த ஊர்ல நாம மாசச் சம்பளம் குடுக்கற ஆளுக்கு மட்டும் பழைய சீடிதான் போய்ட்டிருந்துச்சு. கொட்டேஷனுக்கு தேதி போட்டு வாங்குங்க, சம்பளத்த வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது திருப்பிப் பாருங்க.

அனாதை இல்லம் ஆரம்பிக்கறது

வேணவே வேணாம். அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கற நிறையப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்க. அந்தக் காச குடும்பத்துக்கிட்ட குடுங்க.

டிசம்பர்ல மட்டும் ஊருக்குப் போறது

லீவு கிடைக்கும், வெயில் கம்மி, சஹாராலேர்ந்து வீசுற ஹர்மட்டான் காத்துல கொஞ்சம் தூசி, அவ்ளோதான். மழைத் தண்ணி இன்னும் நிலத்துல மிச்சம் இருக்கும், அறுவடை முடிஞ்சு எல்லார் வீட்லயும் சோளம் இருக்கும். அப்பப் பாத்துட்டு வந்து எழுதுற ரிப்போர்ட்ட வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. மார்ச் கடைசி, ஏப்ரல்ல போங்க. வெயில் 40 டிகிரிய ஒட்டி அடிக்கும், எந்த பம்புல கூட்டம் நிக்குது, எதுல யாருமே இல்லன்னு தானாத் தெரியும். அடுத்த தடவ ஆகஸ்ட்ல போங்க, வீட்டுல தானியம் தீந்து புது வெளைச்சல் வராத நேரம். ஏசி இருக்கற ரூமா பாத்து புக் பண்ணுங்க, கரண்ட் இருக்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.