அமிர்தி பக்கம் அதிகாலையில் அந்துப்பூச்சி தேடுவது எப்படி?

அந்து என்றால் அரிசி டின்னில் பறப்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஒதிய மரத்து இலையைத் தின்று வளரும் நிலா அந்துப்பூச்சியைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். உள்ளங்கை அகலம், வெளிர்பச்சை இறகு, கீழே நீண்டு தொங்கும் இரண்டு வால்.

1. நாள்: நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, அமாவாசையை ஒட்டிப் போங்கள். நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வரும் பூச்சிகள் குறைவு.

2. அனுமதி: அமிர்தி இருக்கும் ஜவ்வாது மலையடிவாரம் பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். முதல் தடவைக்குச் சாலையோர மரங்களும் ஊர் விளக்குகளுமே போதும்.

3. வேலூரிலிருந்து அமிர்திக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் இருட்டிலேயே கிளம்பணும். இரவெல்லாம் எரிந்த விளக்குக்கு அடியிலுள்ள சுவரை முதலில் பாருங்கள். கரிச்சானும் மைனாவும் முந்திக்கொண்டால் தரையில் பூச்சியின் இறகு மட்டும்தான் கிடக்கும்.

4. அப்புறம் மரங்கள். இதில் அவசரம் கூடாது. நேராக நின்று பார்த்தால் பட்டை மட்டும்தான் தெரியும். மரத்தோடு கன்னத்தை ஒட்டினாற்போல் நின்று பக்கவாட்டில் பாருங்கள். பட்டை நிறத்திலேயே இருக்கும் பூச்சியின் விளிம்பு லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எனக்கு ஒரு வேப்பமரத்தில் இப்படித்தான் முதல் பூச்சி அகப்பட்டது. அதே மரத்தை அதற்குமுன் இரண்டு முறை சுற்றி வந்திருந்தேன்.

மருத மரமாக இருந்தால் கிளைகளையும் பாருங்கள். கோழி முட்டையைவிடச் சிறிதாக, காம்பு போட்டுக் கிளையை வளையம்போல் பிடித்துத் தொங்கினால் அது டசர் என்ற காட்டுப் பட்டுப்பூச்சியின் கூடு. ஒரு முனையில் ஓட்டை இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது. இல்லையென்றால் உள்ளே உயிர் இருக்கலாம், பறிக்காதீர்கள்.

5. படம்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று. ஆண் நிலா அந்துப்பூச்சிக்கு அது சீப்புப்போல் அகலமாக இருக்கும். பெயர் தெரியாவிட்டால், உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் படத்தைப் போடுங்கள்.

6. தொடாதீர்கள். நிலா அந்துப்பூச்சிக்கும் டசர் பூச்சிக்கும் உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துத்தான் ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்கின்றன. நாம் வீணாகப் பறக்கவிட்டால் அந்தச் சேமிப்புதான் கரையும். இறகு படபடவென நடுங்க ஆரம்பித்தால் பறப்பதற்காக உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே போனை இறக்கிவிட்டு இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.