இரண்டு பழைய கார்களை ஓட்டி ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று நன்றாக இழுக்கிறது, மற்றொன்று சாலையில் நிற்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அவர்கள் எடைபோட்டது காரையே அல்ல, அதில் மாட்டியிருந்த டயரைத்தான்.

என் சித்தப்பா மகனுக்காக ஒரு பெட்ரோல் ஸ்விஃப்டையும் ஒரு டீசல் ஸ்விஃப்டையும் அழகர்கோவில் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். டீசல் வண்டியின் ஸ்டீயரிங் கனமாக இருந்ததோடு இடப்பக்கமாகவும் இழுத்தது. டீசல் இன்ஜினின் எடைதான் காரணம் என்று எண்ணி, தம்பி அதை வேண்டாமென்றே சொல்லிவிட்டான். இறங்கி, முன் இடப்பக்க டயரில் அப்பியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தபோது 0915 என்ற எண் தெரிந்தது. 2015ஆம் ஆண்டின் 9ஆவது வாரத்தில் தயாரான டயர் என்பது அதன் பொருள். வலப்பக்க டயர் 2021இல் வந்தது. பெட்ரோல் பங்கில் பார்த்தால் பழைய டயரில் காற்றழுத்தம் 22 பிஎஸ்ஐதான் இருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்பியதும் இழுப்பு பெரிதும் குறைந்தது. ஆகவே, இரண்டு வண்டிகளுக்கும் காற்றைச் சரிபார்க்காமல் சாவியைத் திருப்பவே கூடாது.

அடுத்த தவறு, ஒரே வகைச் சாலையில் மட்டும் ஓட்டுவது. 2011இல் வந்த ஸ்விஃப்டில் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் குதிரைத்திறன், 1.3 லிட்டர் டீசலின் குதிரைத்திறனைவிடக் கூடுதல். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசையில் (டார்க்) டீசல் 190 நியூட்டன் மீட்டர், பெட்ரோல் ஏறத்தாழ 115தான். டீசலின் அந்த விசை, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ விழித்துக்கொள்ளும் நிமிடத்துக்கு 2000 சுற்றுகளை ஒட்டித்தான் முழுமையாகக் கிடைக்கிறது. கோரிப்பாளையம் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் டீசல் மந்தமாகவும் பெட்ரோல் சொன்னபடி கேட்பதாகவும் தோன்றும்; திருமங்கலம் நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது அந்த எண்ணம் தலைகீழாகிவிடும். நாளும் எந்தச் சாலையில் போகப்போகிறோமோ, அதில்தான் இரண்டையும் ஓட்ட வேண்டும். ஏசியைப் போட்டு, வீட்டில் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினால்தான் சிறுமலை ஏற்றத்தில் வண்டி எப்படித் திணறும் என்பது முன்கூட்டியே புரியும்.

விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டியை, குளிர்ந்த வண்டியோடு ஒப்பிடுவதும் பிழைதான். பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிரமமும் புகையும் குளிர்ந்த இன்ஜினில்தான் வெளிப்படும்.

வேகத்தடையில் 'கடக்' என்று கேட்டால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடோ ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அவை மாற்றக்கூடியவை, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். ஆனால் டயரும் காற்றும் சக்கரங்களின் அலைன்மென்ட்டும் சரியாக இருந்தும் வண்டி ஒரு பக்கமே ஒதுங்கினால், கதவு இடைவெளிகளும் இருபுறமும் ஒத்துப்போகவில்லை என்றால், அது விபத்தில் அடிச்சட்டம் கோணிய வண்டியாக இருக்கக்கூடும். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.