பீட்டா எச்சிஜி ரிப்போர்ட்: எண்ணைப் பார்த்துப் பதறும் முன்

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் பார்க்கும் சிறுநீர்க் கார்டில் இரண்டு கோடு வந்ததும் பலர் நேராக லேபுக்குப் போய் பீட்டா எச்சிஜி என்ற ரத்தப் பரிசோதனை செய்துபார்க்கிறார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்த நிமிடமே கவலையும் தொடங்கிவிடுகிறது. "எனக்கு 180தான். அக்காவுக்கு இதே சமயத்தில் 400 இருந்ததாம்." இப்படி ஒப்பிடுவதுதான் முதல் தவறு.

எச்சிஜி என்பது பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரும் செல்கள் சுரக்கும் ஹார்மோன். கரு என்றைக்குப் பதிந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்கேற்ப எண்ணும் மாறும். பெரும்பாலும் பயன்பாட்டில் இருக்கும் அட்டவணைப்படி நான்காவது வாரத்தில் 5 முதல் 426 வரையும், ஐந்தாவது வாரத்தில் 18 முதல் 7,340 வரையும் இருக்கலாம். இவ்வளவு அகலமான எல்லைக்குள் 180க்கும் 400க்கும் பெரிய வித்தியாசமில்லை. வாரக் கணக்கிலும் கவனம் வேண்டும். மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சில அட்டவணைகள் கரு உருவான நாளிலிருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் இரண்டு வாரம் இடைவெளி.

"இரண்டு நாளில் இரட்டிப்பாகணும்" என்பதையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2018 வழிகாட்டுதல்படி, முதல் அளவு 1,500க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49% கூட வேண்டும். 1,500 முதல் 3,000 வரை என்றால் 40%, அதற்கு மேல் 33%. அதாவது 180 என்பது சுமார் 270 ஆனாலே போதும். இதைவிட மெதுவாக ஏறினால் மருத்துவர் சந்தேகப்படுவார், மேலும் பரிசோதிப்பார். இரண்டு முறையும் ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் கிட் மாறும், எண்ணும் மாறும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, எண் நன்றாக ஏறுகிறது என்று வலியை அலட்சியப்படுத்துவது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தாலும் சிலருக்கு எச்சிஜி ஒழுங்காகவே ஏறும். அளவு குறைவாக இருக்கும்போதே குழாய் வெடிப்பதும் உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். முன்பு கருக்குழாய் கர்ப்பம் ஆனவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தும் அல்லது காப்பர்-டி இருக்கும்போதும் கார்டு பாசிட்டிவ் ஆனவர்கள் வலி இல்லாவிட்டாலும் சீக்கிரமே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. ஸ்கேனில் கருப்பை காலியாகத் தெரிந்ததும் "கரு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எச்சிஜி சுமார் 3,500ஐத் தொடும் வரை, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில்கூடக் கர்ப்பப்பைக்குள் இருக்கும் கருவின் பை தெரியாமல் போகலாம். உடல்நிலை சீராக இருக்கிறதென்றால், ஒரே ஸ்கேனை நம்பி கலைக்கும் மாத்திரைக்கோ சுத்தம் செய்வதற்கோ சம்மதிக்கும் முன், மறுபடி எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள்.

கார்டில் கோடு அழுத்தமாக விழுந்ததா, மங்கலா என்று தினமும் பார்ப்பது வீண். நிறைய தண்ணீர் குடித்திருந்தாலே கோடு மங்கும். கருத்தரிப்பு சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டவர்கள் இரண்டு வாரத்துக்குள் சோதித்தால், ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டலாம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள், அது சில கிட்களில் அளவைக் குறைத்துக் காட்டும்.

எண் மிக அதிகமாக இருந்தால் இரட்டைக் குழந்தை என்று பெயர் தேடத் தொடங்க வேண்டாம். நஞ்சுக்கொடித் திசு இயல்பின்றி திராட்சைக் கொத்துபோல் வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பத்திலும் எண் அப்படி ஏறும், ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். கருப்பைக்குள் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால், பொதுவாக இந்தச் சோதனைக்கே மறுபடி அவசியமில்லை. 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சம் தொட்டபின் எச்சிஜி தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட எதுவுமில்லை.