ஒரே விசாவில் பனிமலையும் பழந்தீவும்: முதல் ஐரோப்பியப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஐரோப்பா போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே விமான டிக்கெட் விலையைத் தேடத் தொடங்குவோம். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். பயணத்திலேயே கிடைக்க அரிதான டிக்கெட் எது என்று பாருங்கள். மற்ற தேதிகளெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பயணம் ஒன்பது இரவு. விமானத்தில் ஜெர்மனியின் மியூனிக்கில் இறங்கி, பனிச்சறுக்குப் பழக ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் நான்கு, பிறகு மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் ஐந்து. மாதம் மார்ச். மேலே மலையில் பனி இருக்கும், பிப்ரவரி பள்ளி விடுமுறைக் கூட்டம் பெரும்பாலும் வடிந்திருக்கும். மால்டாவில் வெயில் இதமாக இருக்கும். கடல்நீர் மட்டும் ஜில்லென்றிருக்கும். குளித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது.

படி 1: அரிதான டிக்கெட்டைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பயணத்தில் அது மால்டாவின் ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்த நிலத்தடி இடுகாடு. 1902-இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்கள் தற்செயலாக இதைக் கண்டார்கள். ஆட்கள் விடும் மூச்சுக்காற்றின் ஈரத்திலேயே சுவரில் உள்ள செங்காவி ஓவியம் கெட்டுவிடும் என்பதால் மணிக்குப் பத்து பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

சீட்டு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் உங்கள் ஐந்து மால்டா நாட்களில் எந்த இரண்டு நாள் தோதுப்படும் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். பணம் கட்டுவது விசா கைக்கு வந்த அன்றே.

படி 2: விசா

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஒரே விசாவுக்கு ஷெங்கன் விசா என்று பெயர். அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். மார்ச் பயணத்துக்கு நவம்பரிலேயே கொடுத்துவிட்டால் ஹைப்போஜியம் சீட்டு பிடிக்க அவகாசம் இருக்கும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். நம் கணக்கில் மால்டா ஐந்து இரவு என்பதால் மால்டாவிடம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். மியூனிக்கில் இறங்குகிறோமே என்று ஜெர்மனியிடம் போய் நிற்க வேண்டாம். அங்கே நாம் ரயில் மாறுகிறோம், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஹோட்டல்களை ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். விசா வரும்வரை திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும் என்பது விதி. அந்தப் பாலிசியில் பனிச்சறுக்கு அடங்குமா என்று தனியாகப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் குளிர்கால விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். மலைச்சரிவில் கால் முறிந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் வரும் பில்லைக் கையிலிருந்து கட்டினால் தாங்காது.

படி 3: பனியில் முதல் நாள்

மியூனிக்கிலிருந்து இன்ஸ்புருக்குக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஊரின் நடுவிலிருந்தே நோர்ட்கெட்டே மலைக்கு ரயிலும் கேபிள் காரும் ஏறுகின்றன. ஆனால் அங்கே சறுக்கப் போகாதீர்கள். சரிவு செங்குத்து. காட்சி பார்க்க மட்டும் போங்கள். கற்றுக்கொள்ள முட்டரர்ஆல்ம் போன்ற குடும்பங்கள் போகும் சரிவுகள் பக்கத்திலேயே உள்ளன.

செலவு மூன்று தனித்தனி இனம்: பலகையும் பூட்ஸும் வாடகை, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸ், பயிற்சி. முதல் நாளே முழு மலைக்கும் பாஸ் வாங்குவது வீண். காலை முழுவதும் நகரும் கம்பளப் பாதையில் இருபது மீட்டர் ஏறி, இருபது மீட்டர் சறுக்கி, நாலு முறை விழுவீர்கள். தொடக்கநிலைச் சரிவுக்கு மட்டுமான டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். யூடியூப் பார்த்து நிற்கக் கற்றுக்கொள்ளலாம். நிறுத்தக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும்.

வாடகைக் கடையில் உயரம், எடை, வயது, காலணி அளவு கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து எப்போது கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள்.

பூட்ஸ் போடும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தப்பு செய்தது இங்கேதான். குளிருமே என்று இரண்டு கனமான சாக்ஸ் போட்டேன். ரத்த ஓட்டம் நின்று, அரை மணியில் கால்விரல் மரத்துப்போனது. ஒரே ஒரு மெல்லிய, உயரமான சாக்ஸ் போதும். வேறு துணி எதுவும் பூட்ஸுக்குள் போகக் கூடாது. நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் லேசாக விலக வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. எழும்பினால் வெட்கப்படாமல் அடுத்த அளவைக் கேளுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவில் ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். சன்ஸ்க்ரீன் கட்டாயம். பனி வெயிலைத் திருப்பி அடித்து முகத்தைக் கருக்கிவிடும்.

ஆஸ்திரியாவில் நீலப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் பயணத்தில் நீலத்தைத் தாண்ட வேண்டாம். உங்களுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. மோதாமல் போவது மேலிருந்து வருபவர் பொறுப்பு.

படி 4: மால்டா

மியூனிக்கிலிருந்து மால்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. விமானச் சீட்டில் பெட்டி எடை வரம்பைப் பாருங்கள். பனி உடைகளே பாதிப் பெட்டியை விழுங்கிவிடும். அவற்றையும் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

தலைநகர் வலெட்டாவை நடந்தே பார்க்கலாம், ஊரின் நீளமே ஒரு கிலோமீட்டர்தான். 1565-இல் ஓட்டோமன் (துருக்கிய) படை தீவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டே, அப்போது தீவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர் சபையான புனித ஜான் சபை வீரர்கள் இந்த நகரைக் கட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய தேவாலயத்தில் தரை முழுவதும் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். அதனால் ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். ஞாயிறு சுற்றுலாப் பயணிகளுக்கு விடுமுறை. உள்ளே இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை துண்டிக்கப்படும் பெரிய ஓவியம் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள். வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான்.

பசித்தால் பஸ்திஸி. நம் பேக்கரி பஃப்ஸின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பட்டாணி அல்லது ரிக்கோட்டா வைத்திருப்பார்கள். சைவர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் கேட்பதில் சிரமம் இல்லை.

ஆஸ்திரியாவில் இரண்டு வட்ட முள் பிளக், மால்டாவில் பிரிட்டிஷ் மூன்று பட்டை முள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இரண்டுக்கும் அடாப்டர் எடுங்கள்.

ஒரு முழு நாளை மால்டாவின் இன்னொரு தீவான கோசோவுக்கு ஒதுக்குங்கள். எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழைய ஜிகான்தியா கோயில்கள் அங்கேதான். இணையப் படங்களில் இன்னமும் சுற்றும் ‘அஷூர் விண்டோ’ என்ற கடலோரப் பாறை வளைவைத் தேடாதீர்கள், 2017 மார்ச்சில் இடிந்து விழுந்துவிட்டது. மால்டாவின் சிர்கெவ்வா படகுத்துறையிலிருந்து கோசோவுக்குக் கார் படகில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கவுன்ட்டர் தேடி அலைய வேண்டாம், நேராக ஏறிவிடலாம். கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் பணம் வாங்குவார்கள்.