புரட்டாசி விரதமா, நோயா? வீட்டில் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி நர்ஸாக இருந்த எனக்குப் புரட்டாசி வந்தாலே ஒரு கண் பெண் பிள்ளைகள் மேல்தான். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் மனநோய் ஒன்று உண்டு, பசியின்மை நோய் (அனோரெக்ஸியா) என்பார்கள். அது பிடித்த பிள்ளைக்கு விரதத்தைவிட நல்ல மறைப்பு கிடையாது.

சனிக்கிழமை மாலை படையலுக்குப் பிறகு கவனியுங்கள். பக்திக்கு விரதம் இருந்தவள் வடையும் பாயசமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். நோய் பிடித்தவள் இலையில் சோற்றைத் தள்ளித் தள்ளி வைப்பாள். மாதம் முடிந்தும் ஏதாவது காரணம் சொல்வாள். சந்தேகம் வந்தால் விரதத்தை உடனே நிறுத்துங்கள். உடம்பு முடியாதவருக்கு விரதம் இல்லை, கோயில் பூசாரியைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

அடுத்து டாக்டர். மயக்கம், நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் நாடித்துடிப்பு, தண்ணீர்கூட இறங்காத நிலை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல நாள் பட்டினி கிடந்தவளுக்கு வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென இறங்கி இதயத்தைப் பாதிக்கும். ரத்தப் பரிசோதனை முதலில்.

டாக்டர் வீட்டில் பார்க்கலாம் என்றால், பெற்றோருக்கு வேலை ஆரம்பம். லண்டன் மாட்ஸ்லி மனநல மருத்துவமனையில் டாக்டர் ஜெரால்ட் ரஸ்ஸலும் சகாக்களும் செய்த ஆய்வு 1987-ல் வந்தது. 19 வயதுக்குள் பசியின்மை நோய் தொடங்கி, மூன்று வருடம் ஆகாதவர்களுக்குத் தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை நன்றாகப் பலித்தது. அதிலிருந்து வளர்ந்த முறையில் யார் மீதும் பழி இல்லை. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோரே முடிவு செய்வார்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி. நெய் தடவிய ரொட்டி, பீன்ஸ் கறி, கொழுப்பு எடுக்காத பால் என்று போடுங்கள். அம்மா வேலைக்குப் போனால் பாட்டி பக்கத்தில் உட்காரட்டும், தட்டு காலியாகும் வரை. அழுவாள், கத்துவாள். கலோரிக் கணக்கில் வாதாடி ஜெயிக்க முடியாது. "இதுதான்மா உனக்கு மருந்து, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

அப்புறம் நம் அத்தைமார்! கல்யாண வீட்டில் "நல்லா உடம்பு வச்சிருக்கியே" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். பிள்ளை மறுநாள் காலையே சாப்பாட்டை நிறுத்திவிடும். உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேச வேண்டாமென்று முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள்.

எடை தேறி, சண்டையில்லாமல் சாப்பிடத் தொடங்கியதும் பொறுப்பை மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் பள்ளி லஞ்ச் டின் மட்டும் அவள் கையில். எடை மறுபடி இறங்கினால் அந்த ஒரு வேளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள்.