சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நாம் செய்கிற தவறுகள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சூப்பர்வைசர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பீடிக் கடைதான். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும், பெண்கள் வீட்டில் சுற்றிக் கட்டிக் கொண்டுவருகிற பீடியை எண்ணிப் பார்த்து, பழுதானதைக் கழித்துப்போட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். மனநலத் துறையில், டிரெய்னிகள் பார்க்கிற கேஸ்களைக் கேட்டு வழிகாட்டுகிற சூப்பர்வைசர் ஆன முதல் வருடம் நானும் அந்த ஆளாகத்தான் இருந்தேன். டிரெய்னிகள் கேஸ் நோட்டைக் கொண்டுவருவார்கள், நான் பழுதைக் கழித்துப்போடுவேன். அதுதான் என் ஸ்டைல் என்று ஒரு நினைப்பு வேறு.

சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை உண்டு என்று 1980களிலேயே பிரிட்டனின் கவுன்சிலிங் பயிற்சியாளர் பிரிஜிட் புராக்டர் சொல்லிவிட்டார். வேலையின் தரத்தைப் பார்ப்பது ஒன்று, கற்றுக்கொடுப்பது ஒன்று. நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் களைத்துப்போகிறவரைத் தாங்கிப் பிடிப்பது மூன்றாவது. இதில் நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு ஸ்டைல் என்று பெயர் கொடுப்பதுதான் நான் பார்த்தவரை முதல் தவறு. கண்டிப்பானவர் தரத்தோடு நின்றுவிடுவார். நல்லவர் என்று பெயர் எடுத்தவர் ஆறுதலோடு நின்றுவிடுவார். இரண்டாமவரிடம் போகிற டிரெய்னி சந்தோஷமாக இருப்பார், ஆனால் அவரிடம் வருகிற நோயாளியின் கதி?

அடுத்தது, நம் ஆசிரியரை அப்படியே உடுத்திக்கொள்வது. என் ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். நாம் சொல்லி முடித்த பிறகும் அரை நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அந்த மௌனத்தில் நமக்கே ஏதாவது பிடிபடும். நானும் ஊருக்கு வந்து அதே மௌனத்தைக் காட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "மேடம், எம்மேல எதுவும் கோவமா இருக்கியளா?" சரிதான். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிற ஊரில் நான் மௌனத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இப்போதும் மௌனமாக இருப்பதுண்டு, ஆனால் "யோசிச்சிட்டு இருக்கேன், நீயும் யோசி" என்று சொல்லிவிட்டுத்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று. அது எனக்குப் பிடிபட்ட கதையை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மாவைப் பார்த்துவந்த டிரெய்னி, "பதற்றம், கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம்" என்று ஆங்கிலத்தில் அழகாக நோட்டில் எழுதியிருந்தாள். மூன்று வாரமாக மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தும் முன்னேற்றம் இல்லை. நானும் வேறு வேறு உத்திகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கட்டத்தில், "அந்த அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ராத்திரி ஆனா கோட்டி புடிச்சிரும் போல இருக்குன்னாங்க மேடம்" என்றாள்.

கோட்டி. பைத்தியம் என்று அர்த்தம், இங்கே பிறந்தவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். "போலே கோட்டிக்காரா" என்று பிள்ளையைக் கொஞ்சவும் செய்யலாம், ஒரு வீட்டில் பெண் எடுக்காமல் போவதற்குக் காரணமாகவும் அதே வார்த்தையைச் சொல்லலாம். அந்த அம்மா எதைச் சொன்னார்? கேட்கவில்லை. மறுவாரம் கேட்டபோது கதை வந்தது. அவருடைய சித்தி ஒருவரைக் கோட்டி என்று சொல்லிப் பின்கட்டு அறையில் வைத்திருந்தார்களாம், சின்ன வயதில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது இவர்தானாம். பயம் அங்கே கிடந்தது. டிரெய்னி மொழிபெயர்த்துக் கொண்டுவந்தாள், நான் அந்த மொழிபெயர்ப்புக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து யார் கேஸ் கொண்டுவந்தாலும் சுருக்கம் சொல்ல ஆரம்பிக்குமுன், வந்தவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லச் சொல்கிறேன். எனக்கென்று பாணி ஏதாவது இருக்கிறது என்றால் அது இதுதான். நான் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்ததல்ல, சறுக்கிய இடத்தில் பழகிக்கொண்டது.

எல்லாருக்கும் ஒரே முகம் காட்டுவதும் தவறு. சூப்பர்வைசர் சில நேரம் ஆசிரியர், சில நேரம் கவுன்சிலர், சில நேரம் கூட உட்கார்ந்து யோசனை சொல்கிற சக தொழிலாளி என்று 1979இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேனின் பெர்னார்ட் ஒரு மாதிரியை முன்வைத்தார். புதிதாக வந்தவரிடம் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பாவம், அவருக்கு நினைக்க இன்னும் எதுவும் கிடைத்திருக்காது. ஐந்து வருட அனுபவம் உள்ளவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அவர் அடுத்த தடவை பாதியை மறைத்துவிடுவார். இன்னொன்று, உயிருக்கு ஆபத்து என்கிற பேச்சு வந்துவிட்டால் பாணி எல்லாம் அப்புறம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டாயா, இன்று இரவு கூட யார் இருக்கிறார்கள், மருத்துவரிடம் சொல்லியாயிற்றா, வீட்டாருக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐக் கொடுத்தாயா என்று ஒவ்வொன்றாக, வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

டிரெய்னி கண் கலங்கினால் உடனே அவருக்கே கவுன்சிலிங் ஆரம்பித்துவிடுகிறவர்கள் உண்டு. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் நிழலாக நடக்கும் என்று 1955இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெரால்டு சியர்ல்ஸ் எழுதினார். அந்தக் கண்ணீர் கேஸைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பதுவரைதான் நம் வேலை. அதற்கு மேல் போனால் வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். மதிப்பெண் போடுகிற கையிடம் ஒருவர் எப்படி மனதைத் திறப்பார்?

டிரெய்னிகள் சிலர் என்னை அக்கா என்பார்கள். புத்தகப்படி உறவு எல்லை குழம்பும் என்று தடுக்க வேண்டும். நான் தடுப்பதில்லை, இந்த ஊரில் அது ஒரு விளி, அவ்வளவுதான். ஆனால் அக்காவிடம் பேசுகிற மாதிரி டீக்கடையில் வைத்துக் கேஸ் பேசினால் விடமாட்டேன். பெயரைச் சொல்லவில்லையே என்பார்கள். "அம்பாசமுத்திரம் பக்கம், டெய்லர் மக, இந்த ஆனிலதான் கல்யாணம் நின்னுபோச்சு" என்றால் பெயர் எதற்கு? பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரே யார் வீடு என்று சொல்லிவிடுவார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது.

நம் நம்பிக்கையை டிரெய்னி தலையில் கட்டுவதும் நடக்கும். கோயில் கொடைத் திருவிழாவில் சாமி வந்து ஆடியதை நோய் என்று எழுதச் சொல்கிற சூப்பர்வைசரும் உண்டு, சாமி விஷயம் தொடாதே என்கிறவரும் உண்டு. கொடை முடிந்த மறுநாள் அந்த ஆள் தூங்கினாரா, சாப்பிட்டாரா, வேலைக்குப் போனாரா என்று கேட்க வைத்தால் போதும்.

இதையெல்லாம் சொல்கிற நானே, ஒரு டிரெய்னியின் சம்மதத்தோடு எங்கள் பேச்சைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டேன். ஐம்பது நிமிடத்தில் நாற்பது என் குரல். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த இரண்டு இடத்தில் நான் குறுக்கே விழுந்திருந்தேன், அவளும் "சரி மேடம்" என்று விட்டிருந்தாள். அடுத்த வாரம் அந்த இரண்டு இடத்தையும் போட்டுக் காட்டி, "இங்க என்ன சொல்ல வந்த?" என்றேன். ஒன்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்னொன்று, நான் சொல்லிக்கொடுத்த முறையை அவள் பார்த்துவந்த பையனிடம் இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று, ஒத்துவரவில்லை என்பது.